ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

நான் இந்தியாவுக்காக ஆடியது கொஞ்ச காலம்தான். வெளிநாட்டுக்கு இரண்டு பயணம், நடுவில் சொந்த நாட்டில் ஒரு தொடர். இப்போதும் யாராவது என்னை அறிமுகப்படுத்தும்போது "இந்தியா ப்ளேயர்" என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஆனால் மனதுக்குள் அதை இறந்த காலத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உடனே, இன்னும் இருபத்தைந்து வயதுகூட முடியவில்லை, வாயை மூடு என்று என்னையே அதட்டிக்கொள்கிறேன்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோது எப்படி இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சட்டைகூட இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னிடம் இல்லாமல் போனது ஒரு குரல். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில், தொண்ணூறடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அப்பா பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அம்மா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிக்குத் தெற்கே, நாசரேத் பக்கம். நான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றது நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சில், ஞாயிறு பள்ளியில். அது இல்லாவிட்டால் எங்கள் சந்தின் மற்றப் பிள்ளைகளைப் போல எனக்கும் தமிழ் பேச மட்டுந்தான் வந்திருக்கும்.

எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதில்தான் கிரிக்கெட். தூக்கி அடித்தால் அவுட், ஏனென்றால் பந்து யார் வீட்டுத் தகரக் கூரையிலாவது விழும், அப்புறம் சண்டைதான். ஓடி வந்து வேகமாகப் போட இடம் கிடையாது. அதனால் நான் நின்ற இடத்திலிருந்தே விரலால் சுழற்றிப் போடப் பழகினேன். சாக்கடை மூடியின் விளிம்பில் பட்டுத் திரும்பும் பந்தைப் பையன்கள் ஏமாற்று என்றார்கள். சாக்கடை மூடி இல்லாத இடத்திலும் அது திரும்ப ஆரம்பித்தபோது அந்தப் பேச்சை விட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் அம்மா என்னைத் தனியாக விட மனமில்லாமல் வேலைக்குக் கூட்டிப்போவாள். ரயில் பாலத்தைத் தாண்டிப் போனால் மாட்டுங்கா, சத்தமே குறைந்துவிடும். பள்ளிக்குப் பக்கத்து மைதானத்தில் பெண்பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் பயிற்சி எடுப்பார்கள். நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பேன். ஒரு நாள் ஒரு பந்து என்னிடம் உருண்டு வந்தது. நான் அதை எறியாமல், சந்தில் போடுகிற மாதிரியே சுழற்றிப் போட்டேன். கோச் மேடம் திரும்பிப் பார்த்து, "யே, பால் டாக்" என்று மராத்தியில் கூப்பிட்டார். வா, பந்து போடு. அன்றைக்குப் போட ஆரம்பித்ததுதான்.

வீட்டில் சண்டை பெண்பிள்ளை கிரிக்கெட் ஆடலாமா என்பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மேட்ச் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

"ஆண்டவருக்கு வாரத்துல ஒரு நாளு. அதயும் அந்த மட்டைக்கு குடுத்துட்டா என்னட்டி மிச்சம்?" என்பாள் அம்மா.

அப்பா அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும், "அவ தெருவுலயா சுத்துதா? வெளையாடத்தான போறா" என்றார். கடைசியில் சனிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு நான் தவறாமல் வர வேண்டும் என்று முடிவாயிற்று. பயிற்சி முடிந்து மண் ஒட்டின காலோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன். அம்மா முன்வரிசையிலிருந்து ஒரு முறை திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்வாள்.

மும்பை அணிக்கு வந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. செம்பூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு வீடு எடுத்தோம். இருபது வயதில் இந்தியப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள்.

முகாமில் எனக்குக் கொடுத்த அறையில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். கட்டில் முழுக்கக் கையுறைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, எதை வெயிலில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். விக்கெட் கீப்பர். ஈரோட்டுப் பக்கம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டு நிமிர்ந்தார்.

"நீ தமிழா?"

"ஆமாக்கா."

"எந்த ஊரு?"

"தாராவி."

"அது பம்பாய்லயல்ல இருக்குது? சொந்த ஊரைக் கேட்டேன் சாமி."

"அதான்க்கா. தாராவிதான்."

அவருக்குச் சிரிப்பு. என்னைச் சாமி என்று யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே இடமில்லை. அவர்கள் பக்கத்தில் பிரியமானவர்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மறுநாள் காலை நான், "ஜல்தி வாங்கக்கா, பஸ்ஸு நிக்கி" என்றபோது படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "உன்ற தமிழ்ல பாதி இந்தி. மீதி எங்கூர்ல ஒருத்தருக்கும் புரியாத தமிழ்" என்றார்.

அவருக்கு இந்தி வராது. அணிக் கூட்டத்தில் எல்லோரும் இந்தியில் பேச, அவர் எதற்கும் "ஹாஞ்சி" என்று தலையாட்டுவார். ஒரு தடவை "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டதற்கும் "ஹாஞ்சி" சொல்லி, பிசியோ அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், "எனக்கு இந்தி சொல்லிக்குடு சாமி" என்றார். எனக்குத் தெரிந்ததோ தாராவி இந்தி. பள்ளிக்கூட இந்தியில் நானே தட்டுத்தடுமாறித் தேறியவள். தெரிந்ததைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் போட்டி ஆஸ்திரேலியாவில். அங்கே மத்தியானம், இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாக ஆராதனை நேரம். கேப்டன் பந்தைக் கொடுத்தபோது என் விரல்கள் வேர்த்து வழுக்கின. முதல் ஓவரில் இரண்டு பவுண்டரி. எதிரே நின்ற பெண் என்னைவிட ஒரு முழம் உயரம். நான் போடுகிற பந்தெல்லாம் அவள் மட்டைக்கு அருகிலேயே போய் விழுவது போலிருந்தது.

ஓவர் முடிந்ததும் அக்கா நடந்து வந்தார்.

"மூச்சு விடறியா இல்லியா?"

"விடுதேன்."

"அப்பச் சரி. தைரியமாப் போடு. பின்னாடி நான் நிக்கறேன்."

அடுத்த ஓவர். மூன்றாவது பந்துக்கு நான் திரும்பி நடக்கும்போது ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. தெருவில் காய்கறிக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, உரக்க, சாதாரணமாக. "இறங்கப் போறா சாமி. கொஞ்சம் இழுத்துப் போடு."

மைதானத்தில் அத்தனை பேர் இருந்தும் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிந்தது. நான் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் முன்னாலேயே விழும்படி போட்டேன். அந்தப் பெண் கோட்டை விட்டு இறங்கி வந்தாள். பந்து அவள் மட்டைக்கு எட்டாமல் உள்ளே திரும்பியது. அக்கா பிடித்து ஸ்டம்பைத் தட்டியதில் பெயில்ஸ் பறந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா கையுறையோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருவதைத்தான் பார்த்தேன்.

அப்பாவும் அம்மாவும் அப்போதும் போய்வந்த தாராவிக் கோயிலில் அதே நேரம் நடந்ததை அம்மா அன்று போனில் சொன்னாள். பிரசங்கம் நடந்துகொண்டிருந்ததாம். பின்வரிசைப் பையன்கள் பெஞ்சுக்கடியில் போனை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் அடக்க முடியாமல் கத்திவிட்டான். அம்மா கோபமாகத் திரும்பினாள். அப்பா மட்டும் எழுந்தே நின்றுவிட்டாராம். போதகர் வேதத்தை மூடாமல் கண்ணாடியை மட்டும் கழற்றி, "விக்கெட்டா?" என்று கேட்டாராம்.

"எனக்கு வெக்கமா போச்சுட்டி," என்றாள் அம்மா. பிறகு, "ஸ்டம்புக்கு பின்னால நின்னு பிடிச்சாளே, அந்தப் பிள்ள யாரு?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் அம்மா எப்போது போன் செய்தாலும் அக்காவையும் விசாரிப்பாள். அக்காவும் போனைப் பிடுங்கி, "அம்மா, இவ சரியாச் சாப்பிடறதில்லீங்க" என்று கோள் சொல்வார். மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடுகிறேன், செம்பூருக்கு வா என்று அம்மா கூப்பிடுவாள். வர்றேனுங்க என்பார். மும்பையில் எங்களுக்குப் போட்டியே அமையவில்லை. அணி விமானம் மாறுகிற இடமாகத்தான் இந்த ஊர் அவருக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நான் எப்படிப் பந்து போட்டேன் என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. பயப்படவே இல்லை. அடி வாங்கினாலும் பின்னாலிருந்து ஏதாவது ஒரு பேச்சு வரும். "நல்லாத்தான் போட்ட, அவ அடிச்சிட்டா, வுடு" என்பார். சில சமயம் கிரிக்கெட்டே இருக்காது. "மேகம் ஏறுது பாரு." "பசிக்குது சாமி, சீக்கிரம் முடி." நான் சிரித்துக்கொண்டே ஓடி வந்து போடுவேன்.

இரண்டாவது பயணத்தில் அது முடிந்தது. காலையில் மழை பெய்து புல் ஈரமாக இருந்தது. நான் பந்தைத் துரத்திப் போய்ச் சட்டென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ விட்டுப்போன சத்தம் எனக்கே கேட்டது.

முதலில் ஓடி வந்தது அக்காதான். கையுறைகளை வழியிலேயே வீசிவிட்டு வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பிசியோ ஆங்கிலத்தில் எங்கே வலி, எப்படி வலி என்று கேட்கிறார். எனக்கு ஆங்கிலம், இந்தி எல்லாம் மறந்துவிட்டது. "முட்டி பெரளுதுக்கா, பெரளுது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் தமிழ் புரியவில்லை என்று எப்போதும் சிரிக்கிறவர், அன்று ஒவ்வொரு சொல்லையும் பிசியோவுக்கு எடுத்துச் சொன்னார். என்னைத் தூக்கிப் போகும்போது எல்லைக்கோடு வரை கூடவே வந்தார். அதற்கு மேல் அவர் வர முடியாது. ஆட்டம் பாதியில் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து செம்பூர் வீட்டில் பல மாதம். மாடிப்படியில் ஏறி இறங்குவதே பயிற்சியாயிற்று. அக்கா ஆரம்பத்தில் தினமும் பேசினார். பிறகு அவர் ஒரு நாட்டில், நான் இங்கே. அவருக்கு விடியும்போது எனக்கு இருட்டும். பேச்சு குறைந்து, செய்தி அனுப்புவதாகி, அதுவும் பண்டிகைக்கும் பிறந்த நாளுக்கும் என்றாயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது வெளியே இருப்பவர்களைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. எனக்கும் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் டிவியில் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரி, என்னைப் போலவே ஆஃப் ஸ்பின். முதல் ஓவரில் அவளுக்கும் அடி விழுந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. அப்போது ஸ்டம்ப் மைக்கில் தெளிவாகக் கேட்டது: "பிந்தாஸ் டால்! பீச்சே அப்புன் ஹை!"

பயப்படாமல் போடு, பின்னாடி நான் இருக்கேன். தாராவிப் பையன்கள் பேசுகிற இந்தி. ஈரோட்டு இழுவையோடு. வர்ணனையாளர்கள் சிரித்துவிட்டார்கள். தெற்கேயிருந்து வந்த பெண்ணுக்கு இந்த பம்பாய் இந்தி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்க, எங்காவது டாக்சி ஓட்டுநரிடம் கற்றிருப்பார் என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அப்பாவிடம், "நான் சொல்லிக் குடுத்ததுப்பா" என்றேன். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். பிறகு நான் மெல்ல எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமை என்று சொல்ல முடியாது. அவளுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. ஆனால் அது இனி என் தைரியத்துக்கு இல்லை, இன்னொருத்தி தைரியத்துக்கு என்று ஆகிவிட்டதே. நான் சொல்லிக்கொடுத்த மொழியிலேயே.

அம்மா கதவைத் தட்டினாள். "என்னட்டி, முட்டி வலிக்கா?"

"ஆமாம்மா" என்றேன்.

முழங்கால் சரியாயிற்று. மறுபடி மும்பை அணியில் ஆட வந்தேன். குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்கா மைதானத்துக்குப் போய், பந்தைக் கையில் எடுத்தேன். விரல் மறக்கவில்லை. காலை ஊன்றும்போதுதான் கொஞ்சம் யோசனை வந்தது. அந்த யோசனை போக இன்னும் ஒரு பருவம் ஆயிற்று. விக்கெட்டுகள் விழுந்தன. பத்திரிகையில் ஓரிருவர் என் பெயரை மறுபடி எழுதினார்கள். ஒவ்வொரு தடவை இந்திய அணி அறிவிக்கும்போதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அலுவலகத்தில் யாராவது வந்து தோளைத் தட்டினால் இந்தத் தடவையும் நான் இல்லை என்று தெரிந்துவிடும். தட்டுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான்.

போன பருவத்தில் தமிழ்நாட்டு அணியோடு எங்களுக்குப் போட்டி, இங்கேயே மும்பையில். அக்கா வந்திருந்தார். டாஸ் போடும் முன் எல்லோரும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இரண்டு பக்கமும் ஆட்கள். அவ்வளவுதான் முடிந்தது.

அவர் மட்டையோடு இறங்கியபோது நான் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ போட்டிகளில் நான் ஓடி வருவதை அவர் நேர் எதிரே இருந்துதான் பார்த்திருக்கிறார். அன்றும் எதிரேதான், ஆனால் ஸ்டம்புக்கு முன்னால். என் விரல் எந்தப் பக்கம் அசைந்தால் பந்து என்ன செய்யும் என்று அவருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒன்றையும் ஓங்கி அடிக்கவில்லை. தட்டித் தட்டி ஒவ்வொரு ஓட்டமாக எடுத்தார். என்மேல் இரக்கப்படுகிறாரோ என்று நினைத்தேன். ஒரு தடவை ஓடி வந்து என் பக்கத்தில் நின்றபோது, "ஏங்க்கா அடிக்க மாட்டேங்கீங்க?" என்று கேட்டேன்.

"அடிக்க வுட்டாத்தான?" என்றார். மூச்சு வாங்கியது. நிஜமாகத்தான் சொன்னார்.

நாங்கள் துரத்தும்போது விக்கெட்டுகள் சரிந்து, நான் ஒன்பதாவதாக இறங்க வேண்டியதாயிற்று. கோட்டில் மட்டையை ஊன்றி நின்றேன். எனக்குப் பின்னால், ஸ்டம்பை ஒட்டி, அவர் வந்து உட்கார்ந்தார். கையுறைகளை ஒன்றோடொன்று தட்டும் சத்தம். எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு.

"முட்டி எப்படி இருக்குது?"

"வலி இல்லக்கா."

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லாருக்கா. ஒங்கள கேட்டுக்கிட்டே இருக்கா."

நடுவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். ஒரு பந்தைத் தடுத்தேன். அடுத்ததைத் தள்ளிவிட்டு இரண்டு ஓட்டம். கொஞ்சம் கொஞ்சமாக இலக்கு கிட்டே வந்துகொண்டிருந்தது. அவர் தன் பந்துவீச்சாளரோடு தமிழில் பேசினார். எல்லாம் எனக்குப் புரிந்தது, அது அவருக்கும் தெரியும், அதனால் அன்று குறிப்பு எதுவும் சொல்லவில்லை. வெறுமனே, "நல்லா வருது, வுடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குச் சொல்வது இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெம்பாக இருந்தது. அப்படியொரு தெம்பில்தான் இறங்கி அடிக்கப் போனேன். பந்து என்னைத் தாண்டிப் போயிற்று. திரும்பிப் பார்க்கும் முன்னமே பெயில்ஸ் கீழே கிடந்தது.

அவருடைய அணி ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து என்னை ஒரு முறை பார்த்தார். சிரிக்கவில்லை. நான் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். சில ஓட்டத்தில் தோற்றோம்.

போட்டி முடிந்து அவர்கள் பஸ் கிளம்பும் முன் என்னைத் தேடி வந்தார். வியர்வையோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வாங்கக்கா. செம்பூர் பக்கந்தான்."

"இன்னைக்கே ப்ளைட்டு சாமி. அடுத்த தடவை கண்டிப்பா." பிறகு என் கையை விடாமல், "இப்பல்லாம் முன்னைவிட நல்லாப் போடற. நான் சும்மா சொல்லமாட்டேன், உனக்கே தெரியும்" என்றார்.

"எங்கூட நின்னு பாத்து சொல்லுதீங்களா, எதுத்து நின்னு பாத்தா?"

பஸ்ஸில் ஹார்ன் அடித்தார்கள். போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "எப்படிட்டி அவுட் ஆன?" என்றாள்.

"ஸ்டம்பிங்."

"யாரு?"

"அக்காதான்."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டாள். பிறகு, "ஒரு வாயி சாப்ட்டுட்டு போயிருக்கலாம்" என்றாள்.

சில வாரம் கழித்து இந்திய அணியை அறிவித்தார்கள். அக்கா இருந்தார். அந்த வடக்கத்திப் பெண் இருந்தாள். நான் இல்லை. இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் பசிக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பயிற்சிக்குப் போகும் வழியில், குர்லாவில் வண்டி மாற நிற்கும்போது, அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. அணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. முகாமில் சாப்பாடு உப்பே இல்லை என்கிறார். அறையில் கூட இருக்கிற பெண் தூக்கத்தில் பேசுகிறாள் என்கிறார். ஊரில் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் பேர் வைக்கவில்லை என்கிறார். நடுவில் எதற்கோ சிரிக்கிறார். பிளாட்பாரத்து இரைச்சலில் பாதி கேட்கவில்லை. வண்டி வந்தது. நான் ஏறாமல் தூணோரமாக ஒதுங்கி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முதலிலிருந்து மறுபடி கேட்டேன்.

அடுத்த வண்டியில் ஏறினேன். மாட்டுங்காவில் நான் போய்ச் சேர்ந்தபோது வலைப் பயிற்சி ஆரம்பித்திருந்தார்கள்.